‘சரவாங்கி இருக்கு... தடுப்பூசி போட்டா நோய் கிளம்பிடுமா?’ ஆட்டோ இம்யூன் நோயாளிகளின் பயமும் மருத்துவ உண்மையும்

"டாக்டர், எனக்கு சரவாங்கி இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்ஸேட் போடுறேன். இந்த ஊசியைப் போட்டுக்கலாமா? போட்டா மறுபடியும் மூட்டெல்லாம் வீங்கிடுமா?"

மூட்டுவாத சிகிச்சை டாக்டர்களிடம் நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கொரோனா காலத்தில் உச்சத்துக்குப் போன இந்தத் தயக்கம் இன்னும் முழுசாக விலகவில்லை. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, அக்கி தடுப்பூசி என எதைச் சொன்னாலும் "எதுக்கு வம்பு?" என்று ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தொற்று வந்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள் இவர்கள்தான். தடுப்பூசியைப் பார்த்து அதிகம் பயப்படுபவர்களும் இவர்களே.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறதா? எந்த ஊசி போடலாம், எதைப் போடக்கூடாது? மாத்திரையை நிறுத்த வேண்டுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஆட்டோ இம்யூன் நோய் என்றால் என்ன?

வேலியே பயிரை மேய்ந்த கதைதான் இது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குவதைத்தான் ஆட்டோ இம்யூன் நோய் என்கிறோம். தமிழில் தன்னுடல் தாக்கு நோய் என்றும் சொல்வார்கள்.

மூட்டுகளைத் தாக்கினால் அது சரவாங்கி எனப்படும் முடக்குவாதம். தோல், சிறுநீரகம், மூளை என்று பல உறுப்புகளையும் தாக்குவது லூபஸ். முதுகெலும்பை இறுக்குவது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். சொரியாசிஸ் மூட்டுவாதம், ஸ்க்லரோடெர்மா, மயோசைட்டிஸ் என்று பட்டியல் நீளும். சரவாங்கி, லூபஸ் இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பாதிக்கின்றன.

இவற்றுக்குக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட், ரிட்டுக்சிமாப், டோஃபாசிடினிப் போன்ற மருந்துகளில் பெரும்பாலானவை செய்வது ஒரே வேலைதான்: எல்லை மீறும் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பது.

பயம் எங்கிருந்து வருகிறது?

நோயாளிகள் சொல்லும் காரணம் கேட்பதற்கு சரியாகவே படும். "என் எதிர்ப்பு சக்தி ஏற்கெனவே ஓவரா வேலை செய்யுது. அதை அடக்கத்தான் மாத்திரை சாப்பிடுறேன். தடுப்பூசி எதிர்ப்பு சக்தியைத் தூண்டும்னு சொல்றீங்க. அப்போ என் நோயும் சேர்ந்து தூண்டப்படாதா?"

இதைப் படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. 2020 டிசம்பரில், கொரோனா தடுப்பூசிகள் வரத் தொடங்கிய நேரத்தில், பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டோ இம்யூன் மற்றும் மூட்டுவாத நோயாளிகளிடம் கருத்து கேட்கப்பட்டது. அதில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் ஊசி போட்டுக்கொள்ளத் தயார் என்றார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிவெடுக்க முடியாமல் இருந்தார்கள். நோய் மீண்டும் கிளம்பிவிடும் என்ற அச்சம் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கொரோனா தடுப்பூசி பரிசோதனைகளில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. "எங்களை மாதிரி ஆளுங்களுக்குப் போட்டுப் பார்க்கவே இல்லையே?" என்ற அவர்களின் கேள்விக்கு அப்போது யாரிடமும் நேரான பதில் இல்லை.

2021-ல் நடந்த குழப்பம்

இந்தியாவில் இந்தத் தயக்கத்துக்கு அதிகாரபூர்வத் தகவல்களே ஒரு காரணமாகின.

2021 ஜனவரி 16-ல் நாடு முழுக்க கொரோனா தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும், அதை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் ஊசி போட்டுக்கொள்ளத் தடையில்லை, பலன் மட்டும் கொஞ்சம் குறையலாம் என்பதுதான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல்.

ஆனால் அதே ஜனவரியில் வெளியான கோவேக்சின் தகவல் குறிப்பு, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் எதிர்ப்பு மண்டலத்தைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்களும் ஊசியைத் தவிர்க்கச் சொன்னது.

அடுத்து மார்ச் 1-ல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 45 முதல் 59 வயதுக்காரர்களில் யாருக்கு முன்னுரிமை என்ற இணை நோய்ப் பட்டியலில், நீண்ட நாள் ஸ்டீராய்டு மற்றும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களும் இடம்பெற்றார்கள்.

ஜனவரியில் "வேண்டாம்" என்று படித்த அதே நோயாளி, ஆறு வாரம் கழித்து "நீங்கதான் முதல்ல வரணும்" என்று கேட்டால் எதை நம்புவார்?

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் சிக்கலானது. 2021 ஏப்ரல் 15-ல் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், ஏப்ரல் 17-ல் மாரடைப்பால் காலமானார். அவரது மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு பின்னர் ஆய்வு செய்து அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன. வாட்ஸ்அப்பில் பயம் அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தடுப்பூசியால் ஆட்டோ இம்யூன் பாதிப்பு வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. இதை மறைப்பதால் நம்பிக்கை வளராது.

1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்காக சுமார் 4.5 கோடி பேருக்கு அவசரமாக ஊசி போடப்பட்டது. அவர்களில் லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவில், நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் கூடுதலாக வந்தது. அந்தத் திட்டமே நிறுத்தப்பட்டது.

2009-ல் ஐரோப்பாவில் பயன்படுத்தப்பட்ட பான்டெம்ரிக்ஸ் என்ற பன்றிக் காய்ச்சல் தடுப்பூசிக்குப் பிறகு, பின்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் சில குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் நார்கோலெப்சி என்ற தூக்க நோய் வந்தது. குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்குத்தான் அது வந்தது.

கோவிஷீல்டு வகைத் தடுப்பூசியால் மிக அரிதாக ரத்தம் உறைதலும் தட்டணுக்கள் குறைதலும் சேர்ந்து ஏற்பட்டதும் உண்மை. அதுவும் எதிர்ப்பு மண்டலம் தவறாக உருவாக்கிய ஆன்டிபாடியால் வந்ததுதான்.

அதேநேரம், பயம் மட்டும் பரவி, ஆய்வில் நிற்காமல் போன கதையும் இருக்கிறது. 1990-களில் பிரான்ஸில், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியால் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வருவதாகப் பேச்சு கிளம்பியது. 1998-ல் பள்ளிகளில் அந்த ஊசி போடுவதையே அந்நாட்டு அரசு நிறுத்தியது. அந்த நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்குத் தடுப்பூசியால் நோய் மீண்டும் கிளம்புவதில்லை என்று 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் பயம் பல ஆண்டுகள் நீடித்தது.

ஆக, அரிதான பாதிப்புகள் நிஜம். கண்காணிப்பு இருந்ததால்தான் அவை கண்டுபிடிக்கவும் பட்டன. ஆனால் "ஏற்கெனவே ஆட்டோ இம்யூன் நோய் இருப்பவருக்கு ஊசி போட்டால் அந்த நோய் பெருகுமா?" என்பது வேறு கேள்வி. அதற்குத் தனியாகத் தரவு வேண்டும்.

ஊசிக்குப் பிறகு நோய் கிளம்பியதா? எண்கள் சொல்வது என்ன?

கொரோனா தடுப்பூசி இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் பதில் கொடுத்தது.

ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்பான யூலார், ஊசி போட்ட நோயாளிகளின் விவரத்தை டாக்டர்கள் மூலம் திரட்டியது. 30 நாடுகளைச் சேர்ந்த 5,121 பேரின் தரவு அதில் வெளியானது. ஊசிக்குப் பிறகு மூட்டுவாத நோய் மீண்டும் கிளம்பியது 4.4 சதவீதம் பேருக்கு. கடுமையாகக் கிளம்பியது 0.6 சதவீதம் பேருக்கு மட்டுமே.

லூபஸ் நோயாளிகளிடம் தனியாக ஓர் ஆய்வு நடந்தது. பங்கேற்ற 696 பேரில் 21 பேருக்கு, அதாவது 3 சதவீதம் பேருக்கு, நோய் கிளம்பியதாகப் பதிவானது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரவாங்கியும் லூபஸும் ஊசி போடாவிட்டாலும் அவ்வப்போது ஏறி இறங்கும் நோய்கள்தான். ஆகவே ஊசிக்குப் பிறகு கிளம்பியதெல்லாம் ஊசியால்தான் கிளம்பியது என்று சொல்லிவிட முடியாது. பயத்தில் சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்துவதும் நோய் கிளம்பக் காரணமாகலாம்.

பெரும்பாலானோருக்கு நோய் கிளம்பாமல் இருப்பது ஏன்? ஆட்டோ இம்யூன் நோயில் எதிர்ப்பு செல்கள் தவறான இலக்கைக் குறிவைக்கின்றன. தடுப்பூசி அவற்றுக்கு வேறொரு இலக்கை, அதாவது கிருமியின் ஒரு பகுதியை மட்டும் அடையாளம் காட்டுகிறது. அதனால் வரும் பொதுவான தூண்டல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். உண்மையான தொற்று வந்தால் அதைவிடப் பல மடங்கு பெரிய தூண்டல், பல நாட்களுக்கு நீடிக்கும்.

பக்க விளைவா, நோய் கிளம்பியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல், கை வலி, உடம்பு வலி, மூட்டு வலி வருவது சகஜம். சரவாங்கி இருப்பவருக்கு அந்த வலியைப் பார்த்ததும் "ஐயோ, மறுபடியும் வந்துடுச்சு" என்ற பதற்றம் வரும்.

இரண்டு மூன்று நாளில் தானாகக் குறைந்தால் அது பெரும்பாலும் ஊசியின் பக்க விளைவுதான். ஒரு வாரத்தைத் தாண்டியும் மூட்டு வீங்கியே இருந்தால், காலையில் எழுந்ததும் நீண்ட நேரம் விறைப்பு இருந்தால், டாக்டரைப் பார்க்க வேண்டும்.

லூபஸ் நோயாளிகளுக்குச் சிறுநீரில் நுரை, கால் வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊசி போடாவிட்டால் என்ன ஆகும்?

தராசின் இந்தத் தட்டைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

சரவாங்கி உள்ளவர்களுக்கு மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று வரும் ஆபத்து, மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நோயும் ஒரு காரணம், மருந்தும் ஒரு காரணம். ஸ்டீராய்டு அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும்.

அக்கியை எடுத்துக்கொள்வோம். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருந்து, எதிர்ப்பு சக்தி குறையும்போது எழுந்து வருவதுதான் அக்கி. ஊர்ப்பக்கம் காவி குழைத்து 'அக்கி எழுதுவது' இன்றும் உண்டு. கொப்புளம் ஆறினாலும், சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கும். டோஃபாசிடினிப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

எந்த ஊசி ஓகே, எந்த ஊசியில் உஷார்?

தடுப்பூசிகளை இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உயிரற்ற தடுப்பூசிகள்: இவற்றில் செத்த கிருமியோ, கிருமியின் ஒரு பகுதியோதான் இருக்கும். உடம்பில் பெருகாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கும் இந்த ஊசியால் அந்தத் தொற்று வராது.

- கையில் போடும் ஃப்ளூ ஊசி
- நிமோகாக்கல் (நிமோனியா) ஊசி
- ஹெபடைட்டிஸ் பி
- டெட்டனஸ் ஊசி
- கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி ஊசி
- 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஷிங்ரிக்ஸ் என்ற அக்கி தடுப்பூசி
- கோவேக்சின். வைரஸ் வாகனத்தில் வரும் கோவிஷீல்டும் உடம்பில் பெருகாத வகைதான்
- நாய்க்கடி ஊசி

உயிருள்ள தடுப்பூசிகள்: இவற்றில் பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். மிகவும் தேவைப்பட்டால் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

- தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி
- சின்னம்மை ஊசி
- மஞ்சள் காய்ச்சல் ஊசி (ஆப்பிரிக்கப் பயணம் போவோர் கவனிக்க)
- பிசிஜி
- போலியோ சொட்டு மருந்து
- மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து

நாய்க்கடிக்கு மட்டும் எந்தத் தயக்கமும் கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட சாத்தியமே இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை மருத்துவமனையில் கட்டாயம் சொல்ல வேண்டும். சாதாரணமாகத் தெரியும் கீறலுக்கும் அவர்களுக்கு ஊசியோடு சேர்த்து இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.

மாத்திரையை நிறுத்தணுமா?

பலர் தவறு செய்யும் இடம் இது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுவது ஆபத்து. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி அமைப்பின் வழிகாட்டுதல்படி, மருந்துக்கு மருந்து பதில் மாறும்.

மெத்தோட்ரெக்ஸேட்: ஃப்ளூ ஊசி போட்ட பிறகு, நோய் கட்டுக்குள் இருந்தால், இரண்டு வாரம் நிறுத்தலாம். தென் கொரியாவில் சரவாங்கி நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இப்படி நிறுத்தியவர்களில் 75.5 சதவீதம் பேருக்கு ஊசி நன்றாக வேலை செய்தது. நிறுத்தாதவர்களில் அது 54.5 சதவீதம். மற்ற உயிரற்ற தடுப்பூசிகளுக்கு நிறுத்தத் தேவையில்லை.

ரிட்டுக்சிமாப்: ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களை இது மாதக்கணக்கில் காலி செய்துவிடும். எனவே ஃப்ளூ தவிர மற்ற ஊசிகளை, அடுத்த ரிட்டுக்சிமாப் டோஸ் நெருங்கும் நேரத்தில் போட்டு, அதன் பிறகு குறைந்தது இரண்டு வாரம் கழித்து ரிட்டுக்சிமாப் எடுப்பது நல்லது. முடிந்தால் இந்த சிகிச்சை தொடங்கும் முன்பே ஊசிகளை முடித்துவிட வேண்டும்.

ஸ்டீராய்டு: தினமும் 20 மில்லி கிராமுக்குக் குறைவாக பிரெட்னிசோலோன் எடுப்பவர்கள் உயிரற்ற தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளலாம். 20 அல்லது அதற்கு மேல் என்றால், ஃப்ளூ ஊசியைத் தவிர மற்றதை அளவு குறையும்வரை தள்ளி வைக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஹைட்ராக்சி குளோரோகுயின்: வழக்கம்போலத் தொடரலாம்.

"மருந்து எடுத்தா ஊசி வேலையே செய்யாதாமே, அப்புறம் எதுக்கு?" என்ற கேள்வியும் வரும். பாதுகாப்பு கொஞ்சம் குறையலாம் என்பது உண்மை. ஆனால் குறைவான பாதுகாப்பும் பாதுகாப்புதான். கிழிந்த குடை என்றாலும் மழையில் தூக்கிப் போட்டுவிட மாட்டோமே.

கர்ப்பிணிகளும் வீட்டில் உள்ளவர்களும்

இந்தியாவில் குழந்தை பிறந்ததும் பிசிஜி ஊசி போடுவது வழக்கம். ஆனால் கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற பயாலஜிக் ஊசிகளை எடுத்த தாயின் குழந்தைக்கு அந்த மருந்து போய்ச் சேர்ந்திருக்கும். வெளிநாட்டில் அப்படிப் பிறந்த ஒரு குழந்தை, பிசிஜி கிருமி உடம்பு முழுக்கப் பரவி இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு பிசிஜி போடுவதை முதல் ஆறு மாதங்களுக்குத் தள்ளி வைக்க யூலார் அறிவுறுத்துகிறது. அதனால் பிரசவ வார்டிலேயே தாய் எடுத்த மருந்தைச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் தங்கள் ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொண்டால் நோயாளிக்கும் அது ஒரு வேலி. போலியோ சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கு டயப்பர் மாற்றும் வேலையை நோயாளி சில வாரங்கள் தவிர்ப்பது நல்லது.

தயக்கம் குறைவது எப்போது?

கேட்பதற்கு ஆள் இருக்கும்போது. தன் நோயும் மருந்துச் சீட்டும் தெரிந்த டாக்டர் "போட்டுக்கோங்கம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்வது, எந்த விளம்பரத்தையும்விட அதிகம் எடுபடும். நெரிசலான ஓபி-யில் சில நிமிடங்களே கிடைக்கும்போது வலியைப் பற்றிப் பேசவே நேரம் போதாது. ஊசிப் பேச்சு விட்டுப்போகிறது.

காசும் ஒரு தடை. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டம் முக்கியமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமானது. நிமோனியா ஊசியையும் அக்கி ஊசியையும் பெரியவர்கள் பெரும்பாலும் சொந்தச் செலவில்தான் போட வேண்டியிருக்கிறது. ஷிங்ரிக்ஸ் ஒரு டோஸே பல ஆயிரம் ரூபாய், போட வேண்டியது இரண்டு டோஸ். பயம் போனாலும் பர்ஸ் இடம் கொடுக்காத குடும்பங்கள் நிறைய.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

1. என் நோய் இப்போது கட்டுக்குள் இருக்கிறதா? ஊசி போட இது சரியான நேரமா?
2. எனக்கு எந்தெந்த ஊசி தேவை? எதை முதலில் போட வேண்டும்?
3. இது உயிருள்ள ஊசியா, உயிரற்றதா?
4. எந்த மருந்தை, எத்தனை நாள் நிறுத்த வேண்டும்? எப்போது மறுபடி தொடங்க வேண்டும்?
5. மருந்தை மாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே ஊசி போட்டுவிடலாமா?

ஊசி போடும் இடத்துக்கு மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டு போக வேண்டும். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடும் அலர்ஜியோ, கில்லன் பாரே நோயோ வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

தயங்குவது தப்பில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் கேள்வியாகக் கேட்டுவிட வேண்டும். ஒரே ஒரு கேள்வி, ஐசியூ வரை போகும் ஒரு நிமோனியாவைத் தடுக்கலாம்.